காற்றை எடைபோடும் படிப்பு

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதையா, கட்டுரையா?" என்று கேட்டேன். "கவிதை போதும் போதும்னு வந்துடுச்சு. கட்டுரை குடு, புண்ணியமாப் போகும்" என்றார். "எதைப் பத்தி?" என்றேன். "வேலையில்லாத் திண்டாட்டமும் செல்போன் மோகமும் வந்தாச்சு. வேற எது வேணும்னாலும் எழுது" என்றார்.

எனவே நண்பர்களே, யாரும் எழுதாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். காற்று! அதிலும் காற்றில் மிதக்கும் துகள்கள். இதைப் பட்ட மேற்படிப்பாகவே படிக்கலாம் என்றும், அந்தப் படிப்புக்கும் டிப்ளமோ படிக்கும் நமக்கும் நிறைய சம்பந்தம் உண்டு என்றும் சொன்னால் நம்புவீர்களா? கடைசி வரை படியுங்கள்.

மலை எங்கே போச்சு?

எனக்கு ஊர் கலசப்பாக்கம். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஒரு பக்கம் பர்வதமலை, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலைத் தொடர். ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பார்த்தால் பர்வதமலையின் பாறை மடிப்பெல்லாம் கை எட்டும் தூரத்தில் இருப்பது போல் தெரியும். மார்கழிக் காலையில் அதே இடத்தில் நின்றால் மலையே இருக்காது. பத்து மணிக்கு மேல் லேசாக ஒரு கோடு தெரியும். பங்குனி, சித்திரையில் பழுப்பேறிய வேட்டிக்குப் பின்னால் நிற்பது போல் நிற்கும்.

சின்ன வயதில் "மலை எங்கேம்மா போச்சு?" என்று கேட்டதற்கு, "பனிடா" என்று அம்மா சொல்லிவிட்டது. அது பாதிதான் சரி. எனக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் தங்கும், நம்மை என்ன செய்யும்? இந்த நான்கு கேள்விக்கும் விடை தேடுவதுதான் வளிமண்டல வேதியியல் என்னும் படிப்பு.

நல்ல காற்று எவ்வளவு அரிதான சரக்கு என்பதற்கு நம்ம மலையே சாட்சி. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. நட்சத்திரத்தின் ஒளி எத்தனையோ ஆண்டுகள் தடையில்லாமல் வந்துவிடும். கடைசிச் சில கிலோமீட்டரில் நம் காற்றுதான் அதைக் கெடுக்கும். அதனால்தான் ஊர் வெளிச்சமும் புகையும் குறைந்த மலையாகத் தேடிப் போகிறார்கள்.

இரண்டு கோடியில் ஒரு பங்கு

காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், மீதியில் பெரும்பாலும் ஆர்கான். இதைப் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், காற்றின் குணத்தை மாற்றுவது இந்தப் பெரிய ஆட்கள் இல்லை. மிச்சமிருக்கும் துளியூண்டு சமாச்சாரங்கள்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்களை பி.எம். 2.5 என்கிறார்கள். நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு விதிப்படி 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இது இருக்கலாம். 1.2 கிலோவை 60 மைக்ரோகிராமால் வகுத்தால் இரண்டு கோடி வருகிறது. அதாவது காற்றின் எடையில் இரண்டு கோடியில் ஒரு பங்கு! அதைத் தாண்டினால் காற்று கெட்டுவிட்டது என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதே அளவை 15 மைக்ரோகிராமாகச் சொல்லிவிட்டது. ஆண்டுச் சராசரி என்றால் நம் விதி 40, அவர்கள் சொல்வது 5.

"இவ்வளவு கொஞ்சத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று என் ரூம்மேட் கேட்டான். ஒரு நாளைக்கு நாம் சுமார் 11,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். சாப்பாட்டில் கல் இருந்தால் எடுத்துப் போடலாம். மூச்சில் எடுத்துப் போட முடியுமா?

ஸ்டோக்ஸ் விதி இங்கேயும் வருகிறது

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஸ்டோக்ஸ் விதி என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? திரவத்தில் விழும் சிறிய உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மார்க் கேள்வி என்று நாம் ஒதுக்கிய அதே விதிதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி.

தண்ணீரின் அடர்த்தி உள்ள 10 மைக்ரான் உருண்டை ஒன்று, அசையாத காற்றில் வினாடிக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு நிமிடம். 1 மைக்ரான் உருண்டை அதே ஒரு மீட்டர் இறங்க சுமார் 8 மணி நேரம் எடுக்கும். 0.1 மைக்ரான் என்றால் கிட்டத்தட்ட இரண்டு வாரம்! நிஜக் காற்று அசையாமல் இருப்பதில்லை. ஆகவே அது கீழே இறங்கவே இறங்காது என்று வைத்துக்கொள்ளலாம். தலைமுடியின் குறுக்களவு 50 முதல் 70 மைக்ரான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரொம்பப் பெரியது தானாகவே விழுந்துவிடும். ரொம்பச் சின்னது ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிதாகிவிடும். நடுவில் இருக்கும் 0.1 முதல் 1 மைக்ரான் வரையான கூட்டம்தான் விழவும் மாட்டேன், ஒட்டவும் மாட்டேன் என்று ஒரு வாரம் போலக் காற்றிலேயே சுற்றும். மழை வந்து கழுவினால்தான் உண்டு. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகக்கூடியவையும் இவைதான். மலையை மறைப்பதில் கைதேர்ந்தவையும் இவைதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய இதே அளவு.

இதை நான் தப்பாகப் புரிந்துகொண்ட கதை ஒன்று உண்டு. லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று கண்ணாடி ஸ்லைடுகளில் வாசலின் தடவி, ஒன்றை அடுப்படியில், ஒன்றை மாடியில், ஒன்றை ரைஸ் மில் பக்கம் போகும் ரோட்டோரம் வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ரோட்டோரத்தில் மண்ணும் உமிச் சாம்பலும், அடுப்படியில் கரி. மாடியில் வைத்தது கிட்டத்தட்ட சுத்தம். "மாடிக் காத்து நல்ல காத்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. ஸ்லைடில் விழுவது பெரிய துகள் மட்டும். ஆபத்தானது விழவே விழாதே! விழாததை எப்படி ஸ்லைடு பிடிக்கும்? அதைப் பிடிக்க வேண்டுமென்றால் காற்றை உறிஞ்சி வடிகட்ட வேண்டும்.

பம்பும் தராசும்

இங்கேதான் நம்ம ஆட்கள் வருகிறோம். துகள் அளக்கும் கருவியின் அடிப்படை ரொம்ப எளிது. ஒரு பம்ப், ஒரு ஃப்ளோ மீட்டர், ஒரு ஃபில்டர். முன்னால் ஒரு சைக்ளோன் அல்லது இம்பாக்டர். காற்று சட்டென்று திரும்பும்போது கனமான துகளால் திரும்ப முடியாமல் சுவரில் மோதிக்கொள்ளும், லேசானது காற்றோடு போய்விடும். வளைவில் வேகமாகத் திரும்பும் டவுன் பஸ்ஸில் ஃபுட்போர்டில் நிற்பவர் கதைதான்.

பி.எம். 2.5 கருவியில் வழக்கமான ஓட்டம் நிமிடத்துக்கு 16.67 லிட்டர். 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர் காற்று ஃபில்டர் வழியாகப் போகும். காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் ஃபில்டர் மேல் சேருவது 24-ஐ 60-ஆல் பெருக்க 1,440 மைக்ரோகிராம். ஒன்றரை மில்லிகிராம் கூட இல்லை! அதற்காக மைக்ரோகிராம் காட்டும் தராசு வேண்டும். எடைபோடுவதற்கு முன்னும் பின்னும் ஃபில்டரை ஒரே வெப்பநிலை, ஒரே ஈரப்பதம் உள்ள அறையில் ஒரு நாள் வைக்க வேண்டும். கை வியர்வை பட்டால் போச்சு. ஒரு ஓ ரிங் சரியாக உட்காராமல் லீக் ஆனால் பம்ப் உறிஞ்சுவது வெளிக்காற்று, மீட்டர் காட்டுவது பொய்க் கணக்கு.

எவ்வளவு பெரிய ஆராய்ச்சிக் கட்டுரையானாலும் அதன் அடியில் இருப்பது இந்த லீக் டெஸ்ட்டும் காலிபரேஷனும்தான். மெக்கானிக்கல் மாணவன் பம்பைப் பார்ப்பான், எலக்ட்ரானிக்ஸ் மாணவன் சென்சாரைப் பார்ப்பான், சிவில் மாணவன் சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்தில் இதே சங்கதியைப் படித்திருப்பான். ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கை முன்கூட்டியே எழுதிவிட்டு அப்புறம் எக்ஸ்பெரிமென்ட் செய்யும் வழக்கம் மட்டும் இங்கே செல்லாது!

காற்றில் சமையல்

எல்லாத் துகளும் புகைபோக்கியிலிருந்து துகளாகவே வருவதில்லை. கரி, மண், கடல் உப்பு போன்றவை அப்படியே வருபவை. ஆனால் பாதி வேலை காற்றிலேயே நடக்கிறது. நிலக்கரி எரிந்தால் சல்பர் டை ஆக்சைடு வாயுவாகத்தான் வெளியே போகும். வெயிலில் ஓசோன் உடைந்து, அதோடு நீராவியும் சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற ஒரு மூலக்கூறு உருவாகும். அதன் ஆயுள் ஒரு வினாடி அளவுதான். ஆனால் எதைப் பார்த்தாலும் பாய்ந்து ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். காற்றின் சோப்பு என்றே சொல்லலாம். அது சல்பர் டை ஆக்சைடைப் பிடித்தால் கந்தக அமிலம், பிறகு அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் துகள். வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடு அதே வழியில் நைட்ரேட் துகளாகும். அம்மோனியா எங்கிருந்து வருகிறது? வயலில் போடும் யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும்.

இந்த உப்புகள் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மார்கழிக் காலையில் ஈரப்பதம் ஏறும்போது ஒரு துகள் பல மடங்கு பெரிதாகி வெளிச்சத்தைத் தடுக்கும். எங்கள் பர்வதமலை காணாமல் போவதன் மீதிப் பாதி இதுதான். பனி மட்டும் இல்லை, பனி உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்த துகளும்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே முன்னின்ற ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. டெல்லியில் குளிர்கால இரவுகளில் பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பதாலும் தொழிற்சாலைகளாலும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வெளிவந்து, அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் குளோரைடு துகளாகி, அது தண்ணீரை உறிஞ்சி மூடுபனியை அடர்த்தியாக்குகிறது என்று காட்டினார்கள். அம்மோனியம் குளோரைடு வேறொன்றும் இல்லை, லேபில் நாம் பார்த்த நவச்சாரம்தான்! சால்ட் அனாலிசிஸில் திட்டிக்கொண்டே கண்டுபிடித்த அந்த உப்பு டெல்லியில் விமானத்தையே நிறுத்துகிறது.

துகளே கூடாதா என்றால் அப்படியும் இல்லை. சுத்தமான காற்றில் நீராவி தானாகத் துளியாவது மிகக் கடினம். ஒவ்வொரு மேகத்துளிக்கும் நடுவே ஒரு துகள் இருக்கிறது. தூசே இல்லையென்றால் நம் செய்யாற்றில் வெள்ளமும் இல்லை. அளவுதான் பிரச்சினை.

பாலம் கட்டப் போனவர், ஃபிரிட்ஜ் பார்க்கப் போனவர்

இதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று நினைப்பீர்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் பால் குருட்சன். நெதர்லாந்துக்காரர், 1933-ல் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் காய்ச்சலோடு பரீட்சை எழுதி, உதவித்தொகை கிடைக்கும் அளவுக்கு மார்க் வாங்கவில்லை. வீட்டில் வசதியும் இல்லை. அதனால் பல்கலைக்கழகம் போகாமல் தொழில்நுட்பப் பள்ளியில் மூன்று வருஷம் சிவில் படித்தார். நம்ம டி.சி.இ. மாதிரிதான்! அதில் ஒரு வருஷம் சம்பளத்தோடு பயிற்சி. பிறகு 1954-ல் ஆம்ஸ்டர்டாம் நகரின் பாலம் கட்டும் பிரிவில் வேலை. ஸ்வீடன் போன பிறகு, ஸ்டாக்ஹோமில் வானிலைத் துறைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராமர் வேண்டும் என்ற விளம்பரத்தைச் செய்தித்தாளில் பார்த்தார். அந்த வேலையில் முன் அனுபவம் எதுவும் இல்லை. இருந்தும் விண்ணப்பித்தார், 1959-ல் வேலையில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே பட்டம், பிறகு ஆராய்ச்சிப் பட்டம். நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோன் படலத்தை எப்படி அழிக்கின்றன என்று 1970-ல் காட்டினார். 1995-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரோடு வேதியியல் நோபல் பரிசு! 2021-ல் மறைந்தார்.

இரண்டாமவர் நம்மவர். வீரபத்ரன் ராமநாதன். சென்னையில் பிறந்தவர். பதினோரு வயதில் குடும்பத்தோடு பெங்களூர் போனார். அதுவரை தமிழில் படித்த பையனுக்கு அங்கே வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியர் சொல்வது புரியாமல், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் அப்போது வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் வருஷம் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து முழித்த நாம் எல்லோரும் இதைக் கட்டம் கட்டி வைத்துக்கொள்ளலாம். 1965-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்து, செகந்திராபாத்தில் குளிர்சாதனத் தொழிலில் வேலை. குளிரூட்டும் வாயு ஏன் இவ்வளவு லீக் ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அது பிடிக்காமல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு, 1970-ல் அமெரிக்கா.

அங்கே ராபர்ட் செஸ் என்ற பேராசிரியரிடம் இன்டர்ஃபெராமெட்ரி படிக்கப் போனார். இவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் பேராசிரியர் தன் துறையையே மாற்றிக்கொண்டு கோள்களின் வளிமண்டலத்துக்குத் தாவிவிட்டார்! சிஷ்யனும் கூடவே தாவினார். 1975-ல் ராமநாதன் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? சி.எஃப்.சி. வாயுவின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறைப் போல் பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது. செகந்திராபாத்தில் லீக் ஆவதை அடைக்கப் போராடினாரே, அதே குளிரூட்டி வகை. வொர்க்‌ஷாப்பில் கை கறுத்த அனுபவம் எங்கே போய் உதவியது பாருங்கள். 2018-ல் தைவானின் டாங் பரிசு வரை பல பரிசுகள் இவருக்குக் கிடைத்திருக்கின்றன.

இந்த இரண்டு பேரும் ஒரு நாள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு. விமானம், கப்பல், மாலத்தீவில் தரை நிலையம் என்று 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள். இந்தியத் தரப்பில் ஏ.பி. மித்ரா. நடுக்கடலில் சுத்தமான காற்று இருக்கும் என்று நினைத்த இடத்தில், சுமார் 3 கிலோமீட்டர் தடிமனுக்கு ஒரு பழுப்புப் படலம் கடல்மேல் கவிழ்ந்து கிடந்தது. துகள்களில் சுமார் 80 சதவீதம் மனிதர்கள் எரித்ததால் வந்தது. வடகிழக்குப் பருவக்காற்று நம் நிலத்துப் புகையை வாரிக்கொண்டு போய்க் கடலில் பரப்பியிருந்தது.

எந்த அடுப்பின் புகை?

எரித்தது யார்? காரா, கரும்புத் தோகையா, விறகடுப்பா? இதற்கும் ஒரு வழி உண்டு. பெட்ரோலும் நிலக்கரியும் கோடிக்கணக்கான வருஷம் பழையவை, அவற்றில் கார்பன்-14 மிச்சம் இருக்காது. விறகும் வறட்டியும் நேற்று வளர்ந்தவை, அவற்றில் இருக்கும். ஃபில்டரில் சேர்ந்த கரியில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாலத்தீவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் எடுத்த மாதிரிகளை வைத்து 2009-ல் வெளிவந்த ஆய்வு, கார்பன் துகள்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விறகு, வறட்டி, பயிர்த்தாள் போன்றவை எரிந்ததால் வந்தது என்றது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு விறகடுப்பு எரிகிறது. சிலிண்டர் இருக்கிறது. ஆனால் காப்பிக்கும் அவசரத்துக்கும்தான் கேஸ். சோறு, வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் விறகில். "ஏம்மா, கேஸ்லயே வைக்கக் கூடாதா?" என்றால், "சுள்ளி சும்மா கெடைக்குது. சிலிண்டர் சும்மாவா வருது?" என்று அம்மா கேட்கும். பதில் சொல்ல முடியாது. அம்மாவுக்கு இரண்டு வருஷமாக விடாத இருமல். டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" இரண்டாவது கேள்வி, "விறகடுப்பா?"

நம் மாநிலத்திலேயே இதைப் பெரிதாக ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, நமக்குப் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும் ஓர் ஆய்வு நடத்தியது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் இலவச சிலிண்டரும். 2022-ல் முடிவு வந்தது. கேஸ் கொடுத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம், விறகில் சமைத்தவர்கள் சுவாசித்தது சுமார் 70. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

ஏமாற்றமாக இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது. ஆனால் நினைத்ததற்கு மாறாக வந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அதுதான் படிப்பு. கர்ப்பம் ஆன பிறகு அடுப்பை மாற்றியது தாமதமா, 24 என்பதே இன்னும் அதிகமா, பக்கத்து வீட்டுப் புகை வந்துவிட்டதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஒரு வீட்டின் அடுப்பை மட்டும் மாற்றினால் போதுமா என்ற கேள்வி இதிலிருந்து பிறக்கிறது.

நானும் ஒரு காரியம் செய்தேன். ஷீட் மெட்டல் ஷாப்பில் கற்றதை வைத்து ஜி.ஐ. தகட்டில் ஒரு புகைக்கூண்டு மடித்து, ஓட்டைப் பிரித்து வெளியே குழாய் விட்டேன். அடுப்படியில் கண் எரிச்சல் குறைந்தது. "நல்லாத்தான்டா பண்ணியிருக்க" என்று அம்மா சொன்னது எனக்கு டிஸ்டிங்ஷன் மாதிரி. ஆனால் மாடியில் போய் நின்று பார்த்தேன். புகை எங்கேயும் மறைந்துவிடவில்லை. எங்கள் அடுப்படியிலிருந்து தெருவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அது கடலுக்குப் போகும் என்பதைத்தான் 1999-ல் அளந்து சொன்னார்கள்.

எப்படிப் படிப்பது?

டிப்ளமோவோடு நேராக இந்தப் படிப்பில் சேர முடியாது. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்து மூன்று வருஷத்தில் பட்டம் வாங்க வேண்டும். மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல் எதுவானாலும் வழி உண்டு. பிறகு கேட் தேர்வு. 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்றே தனித்தாள் இருக்கிறது. எம்.டெக். இரண்டு வருஷம், பி.எச்டி. அதற்கு மேல் நான்கைந்து வருஷம். ஆராய்ச்சி மாணவருக்கு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆகவே அப்பாவின் நிலத்தை விற்க வேண்டியதில்லை.

சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல, பெருங்கடல் அறிவியல் மையம், டெல்லி ஐ.ஐ.டி.யின் வளிமண்டல அறிவியல் மையம், புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம், திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் என்று இடங்கள் பல. நமக்கு ரொம்பப் பக்கத்தில் ஒன்று உண்டு. வேலூர், சித்தூர் தாண்டித் திருப்பதி போகும் பக்கம் காதங்கி என்ற ஊரில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1,024 யாகி ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு வைத்து, 53 மெகாஹெர்ட்ஸில் வானத்தைத் துழாவும் ரேடார் ஓடுகிறது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, யாகி ஆன்டெனா வைவாவில் கேட்பதற்கு மட்டும் இல்லை!

என்ன படிப்பார்கள்? வேதி வினைவேகம், வெப்ப இயக்கவியல், கதிர்வீச்சு, வானிலையியல், துகள்களின் இயக்கம், கம்ப்யூட்டரில் மாதிரி போடுவது. கணக்கில் பயம் இருந்தால் இப்போதே எம்-1, எம்-2 அரியரைக் கிளியர் செய்துவிடுங்கள்.

முடிவாக

கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கூடவே லேட்டரல் என்ட்ரி விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்துவிட்டேன். அதைப் பார்த்த அம்மா, "காத்தைப் படிச்சு என்னடா சம்பாதிப்ப?" என்று கேட்டது. சொல்லும்போதே இரண்டு முறை இருமியது. நான் வாயைத் திறக்கவில்லை. விண்ணப்பத்தை மட்டும் மறுநாள் அனுப்பிவிட்டேன்.

காசு கொடுத்து வாங்காத ஒரே பொருள் காற்று என்பார்கள். அதனால்தான் யாரும் அதை நிறுத்துப் பார்ப்பதில்லை. நண்பர்களே, நமக்குப் பம்ப் தெரியும், லீக் தெரியும், தராசு தெரியும், ஸ்டோக்ஸ் விதியும் தெரியும். பாலம் கட்டியவரும் ஃபிரிட்ஜ் பார்த்தவரும் இவ்வளவோடுதான் தொடங்கினார்கள். அடுத்த மார்கழியில் உங்கள் ஊர் மலை காணாமல் போனால், "பனிடா" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அதில் உங்கள் வீட்டு அடுப்பும் கொஞ்சம் இருக்கலாம்.

வாழ்க நம் பேரவை! வளர்க நம் பாலிடெக்னிக்!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்